கோபம் குறைந்த பேட்டரி

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்த அன்று, என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு என் மனைவி முதலில் பேசியது பேட்டரியைப் பற்றித்தான்.

"உங்க கார் பேட்டரி ரெண்டையும் வீட்டை விட்டு வெளியேத்திட்டேன். கோவிக்காதீக. ஒண்ணு இட்லி கணக்கா உப்பிக் கெடந்துச்சு. பீரோவுக்குள்ள, என் சேலைக்கு நடுவுல. பாத்ததும் எனக்குக் காலு நடுங்கிருச்சு."

என் இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டோடு நெஞ்சுக்கு நேரே நின்றன. தலையணை வைத்துத் தாங்கியிருந்தாள். அவள் என்ன சொன்னாலும் சரி என்கிற நிலையில் நான் இருந்தேன்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டில் ஓடுவது. பொம்மைக் கடையில் விற்கிற வகை கிடையாது. முழங்கை நீளம் இருக்கும். கல், மண், மேடு, பள்ளம் எதிலும் பாயும். முள் முள்ளாக ரப்பர் டயர், சக்கரத்துக்கு ஒரு ஸ்பிரிங். பக்கி என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கம் பக்கி என்றால் திட்டு. என் மனைவி இரண்டு அர்த்தத்தையும் சேர்த்தே சொல்லுவாள்: "ஞாயித்துக்கெழமை ஆனாப் போதும், அந்தப் பக்கியத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கி கெளம்பிரும்."

மல்லாங்கிணறுக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய் உண்டு. வருசத்தில் பாதிக்கு மேல் வறண்டு கிடக்கும். அங்கேதான் போவோம். என்னை இதில் இழுத்துவிட்டவன் என் பள்ளிக்கூட நண்பன். விருதுநகரில் பருப்பும் வத்தலும் மொத்தமாக வாங்கி விற்கிற பாய் வீட்டுப் பிள்ளை. எட்டாம் வகுப்பிலிருந்து நான் அவனுக்கு மாப்ளே, அவன் எனக்கு மாப்ளே. அவனிடம் ஒரு பக்கி, என்னிடம் ஒரு பக்கி. பேட்டரி இரண்டு பேருக்கும் லிப்போ. லித்தியம் பாலிமர் என்பதைச் சுருக்கி அப்படிச் சொல்லுவார்கள். சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும், எடை கம்மி, விசையை இழுத்த மாத்திரத்தில் வண்டி அம்பாகப் போகும். அதற்கு ஒரு குணம் உண்டு. கூடுதலாக சார்ஜ் ஏறினாலோ, கூர்மையான ஏதாவது குத்தினாலோ, உள்ளே காற்றுக் கட்டி உப்பினாலோ தீப்பிடிக்கும். இது எனக்குத் தெரியும். நான் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பகல் முழுக்க வெடிமருந்துக்கு நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு பேட்டரி என்ன பெரிய விசயம் என்று இருந்துவிட்டேன்.

போன சீசனில் கம்பெனியில், காயப்போட்டிருந்த ஒரு தட்டு மருந்து தீப்பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தட்டுகள் பிடிப்பதற்குள் அதைத் தூக்கி வெளியே எறிந்தேன். ஷெட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் பிழைத்தார்கள். என் கைகள் வெந்துபோயின. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தீபாவளி எனக்கு மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனது. வெளியே வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் மனைவி ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியும் கேட்டது.

கட்டுப் பிரித்த பிறகுதான் உண்மையான பாடு ஆரம்பித்தது. ஒட்டிய தோல் காயக் காயச் சுருங்கும். சுருங்கினால் விரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கும். அதை நாம் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மதுரையில் எனக்குக் கைப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லும். நான் ஒரு தடவை அமுக்கிவிட்டு வைத்துவிடுவேன். வலி ஒரு பக்கம். அதை விட, எதற்கு இதைச் செய்கிறோம் என்று தோன்றுகிற நினைப்பு பெரிய வலி. சோறு அள்ள முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கழிப்பறைக்குப் போனால் மனைவி வர வேண்டும். நாற்பத்தைந்து வயசு ஆம்பளைக்கு இதுக்கு மேல் என்ன வேண்டும்?

"பந்து பிடிக்கலைன்னா விடுங்க. விரலால செய்ற மாதிரி உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஏதாவது இருக்கா?" என்று ஒரு நாள் டாக்டரம்மா கேட்டது.

எனக்கு வாயில் வந்தது, "ரிமோட் காரு."

அந்தப் பெண் ரிமோட்டைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தது. துப்பாக்கி மாதிரி பிடி. இடது கை ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை. இழுத்தால் வேகம், அதே விரலால் முன்னால் தள்ளினால் பிரேக். வலது கைக்குப் பக்கவாட்டில் ஸ்பாஞ்சு ஒட்டிய சின்னச் சக்கரம். அதைத் திருகினால் வண்டி திரும்பும். டாக்டரம்மா முகம் மலர்ந்துவிட்டது. மடக்கவும் நீட்டவும் திருகவும் எல்லாம் இதிலேயே இருக்கிறதே, தினமும் காலையும் சாயங்காலமும் ஓட்டுங்கள் என்றது.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் என் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திருமங்கலம் தாண்டித்தான் வாயைத் திறந்தாள்.

"ஓட்டுங்க. பேட்டரி இல்லாம ஓட்டுங்க."

அப்படித்தான் ஓட்டினேன். ரிமோட்டுக்கு டார்ச் லைட்டுக்குப் போடுகிற சின்ன செல் போதும். காருக்குள் பேட்டரி கிடையாது. முற்றத்தில் பக்கியை வைத்துவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து விசையை இழுப்பேன். அது அசையாது. சக்கரத்தைத் திருகுவேன். டயர் திரும்பாது. செத்துக் கிடக்கிற ஒன்றைப் பார்த்து எவ்வளவு நேரம் விரலை மடக்க முடியும்? பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு மெல்ல உள்ளே போவார். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நானே அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே இறங்கி வந்தாள். தீப்பிடிக்காத பேட்டரி ஏதாவது இருந்தால் பரவாயில்லை என்றாள். நண்பனுக்கு போன் போட்டேன். அவன் மறுநாளே நிக்கல் பேட்டரி ஒன்றைக் கொண்டு வந்தான். ஆறு செல்லை வரிசையாகச் சேர்த்து பிளாஸ்டிக்கில் சுற்றியது, ஒரு காலத்தில் எல்லா ரிமோட் காரிலும் இதுதான். லிப்போவை விட நல்ல கனம். முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும்.

"இது எருமை மாடு தங்கச்சி. அடிச்சாலும் ஒண்ணும் செய்யாது" என்று என் மனைவியிடம் சொன்னான்.

எருமைதான். ஓடியது. வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் பக்கி அசைந்து அசைந்து போனது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். சித்திரை வெயில் வேறு. ஓடி முடித்த பேட்டரியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கும். ஆறிய பிறகுதான் சார்ஜ் போட வேண்டும், சார்ஜ் ஏறி முடிந்தால் மறுபடியும் சூடு, மறுபடியும் ஆற வைக்க வேண்டும். அதற்குள் என் விரல் விறைத்துக்கொள்ளும். டாக்டரம்மா சொன்ன அளவில் கால்வாசிகூட ஓட்ட முடியவில்லை.

அதைவிடக் கொடுமை அதன் பிளக். கழற்றுவதற்கு ஒரு சின்னக் கொண்டியைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். ஒரு நாள் மனைவி அச்சாபீஸுக்குப் போயிருந்த நேரம். அவள் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள்களுக்கும் காலண்டருக்கும் பிழை திருத்துகிறவள். நான் தனியாக அந்தப் பிளக்கைக் கழற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கட்டைவிரல் கொண்டியில் ஏறவில்லை. முட்டியால் அமுக்கினேன். பல்லால் கடித்தேன். பேட்டரிச் சூடு கன்னத்தில் பட்டது. அந்தச் சூடு பட்டதும் உடம்பெல்லாம் பதறி, காரைக் காலால் எட்டி உதைத்துவிட்டேன். சுவரில் மோதிக் கவிழ்ந்து கிடந்தது. அவள் வருகிற வரை நானும் அது பக்கத்திலேயே தரையில் கிடந்தேன்.

அன்றைக்குத்தான் சண்டை வந்தது.

"லிப்போ ஒண்ணே ஒண்ணு வாங்கித் தா" என்றேன். "நல்ல கெட்டிப் பெட்டி போட்டது வருது. தீப்பிடிக்காத பை ஒண்ணு விக்கிறாங்க. அதுக்குள்ள வச்சு சார்ஜ் போட்டா..."

"தீப்பிடிக்காத பையா? எதுக்குங்க அந்தப் பை?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"அப்ப அது பிடிக்கும்னு செஞ்சவனுக்கே தெரிஞ்சிருக்கு."

"எனக்கு விரல் வேணும்லா? இப்படியே மொண்டியா உக்காந்திருக்கவா?"

"ஆஸ்பத்திரில கட்டுப் பிரிக்கையில கதவுக்கு வெளிய நின்னது நானு. உங்க சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்கு இன்னமும் கேக்குது. இந்த வீட்டுக்குள்ள அது வராது. வந்துச்சுன்னா நான் இருக்க மாட்டேன்."

இரண்டு பேரும் சாப்பிடாமல் படுத்தோம். எனக்கு அவள் ஊட்ட வேண்டும். அவள் ஊட்டவில்லை, நான் கேட்கவில்லை.

நண்பனுக்கு விசயம் தெரிந்து, அவன் ஒரு யோசனை செய்தான். கண்ணால் பார்த்தால் பயம் போகும் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக் கண்மாய்க்குக் கூட்டிப்போனான். டிக்கியில் ஒரு வாளி நிறைய மணல்.

"மண்ணு வாளியோடதான் வந்திருக்கேன் தங்கச்சி. நாலு வருசமா ஓட்டுறேன், இது வரைக்கும் ஒரு பிடி மண்ணு செலவானதில்ல."

அவன் பக்கி கண்மாய்ப் பொட்டலில் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தது. என் மனைவி கரையில் குடை பிடித்து நின்றாள். அவள் முகம் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது. நண்பன் வண்டியைக் கரையோரத்து மேட்டில் ஏற்றித் தாவ வைத்தான். வண்டி அந்தரத்தில் புரண்டு, கூரான சரளைக்கல் மேல் வயிறு பட விழுந்தது. அவனுடையது மெல்லிய உறை போட்ட பேட்டரி. அடித்தட்டு ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததாம், பிறகு சொன்னான். வண்டியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. இனிப்பும் புளிப்புமாக ஒரு நாற்றம். அப்புறம் உஸ்ஸென்று சீறி, பூச்சட்டி மாதிரி ஒரு பக்கமாகத் தீ பீறிட்டது.

"கிட்டப் போவாதீக!" என்று நண்பன் கத்தியது எனக்குக் கேட்டது. அப்போது நான் ஓடிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம், எதற்கு என்று தெரியாது. கால்கள் போயின. சீமைக்கருவேலங் காட்டுக்குள் புகுந்து விழுந்தேன். விழும்போது கைகளை ஊன்றினேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது என் மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு புகை வீசாத பக்கமாகப் போய், கையெட்டும் தூரத்திலிருந்து மணலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்துவிட்டு நாலு எட்டுப் பின்னால் வந்து நின்றாள். மணல் குவியலுக்கு அடியில் அது இன்னும் கொஞ்சம் உறுமியது. புகை இளைத்தது. அவள் அது அடங்குகிற வரை கண்ணை எடுக்கவில்லை.

ஒட்டிய தோலுக்கு மேல் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்டிருந்த கையுறை கிழிந்து, புதுத் தோல் மூன்று இடத்தில் பிய்ந்து, முள் உள்ளே ஒடிந்திருந்தது. மறுபடியும் மதுரை. மறுபடியும் கட்டு. காயம் ஆறுகிற வரை பயிற்சி கூடாது என்றார்கள். ஆறி முடிந்து கட்டை எடுத்தபோது இடது ஆள்காட்டி விரல் பாதிதான் நீண்டது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

டாக்டரம்மா விரலை அளந்துவிட்டு மெதுவாகச் சொன்னது. "இன்னும் ரெண்டு மூணு மாசம்தான் தோல் நம்ம பேச்சைக் கேக்கும். அதுக்குள்ள எவ்வளவு மீட்டுக்கிறோமோ அவ்வளவு."

வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றிப் போட்டேன். அது இறுக்கமான துணி உறை, இரவும் பகலும் போட்டிருக்க வேண்டியது. மனைவி மாட்டிவிட வந்தால் கையை இழுத்துக்கொண்டேன். ரிமோட்டைப் பார்த்தாலே அந்தச் சீறல் காதில் கேட்டது. யாராவது அடுப்பைப் பற்ற வைத்தால் வாசலுக்குப் போய்விடுவேன். பட்டாசுக் கம்பெனிப் போர்மேன், ஒரு கேஸ் அடுப்பு பற்றுகிற சத்தத்துக்குத் தெருவில் நிற்கிறான். நண்பன் வந்தான், உள்ளே வராமல் வாசலிலேயே அழுதுவிட்டுப் போனான். அவனிடமும் பேசவில்லை. ஒரு மத்தியானம் அவள் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டு வந்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

"சாப்பிடாம என்ன செய்யப் போறீக?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. அதான் சாப்பாடு எதுக்கு?"

அவள் கை அப்படியே நின்றது. அப்புறம் அந்தக் கவளத்தைத் தன் வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே அழுதாள். இன்னொரு கவளம் எடுத்து நீட்டினாள். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இதற்கு நாலைந்து நாள் கழித்து அவள் அச்சாபீஸிலிருந்து நேரே என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள். போனில் ஏதோ திறந்து வைத்திருந்தாள்.

"லைஃப்புன்னு ஒரு பேட்டரி இருக்காமே. தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியும். லித்தியத்தோடு இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. கண்மாயில் யாரும் அதைச் சீண்ட மாட்டார்கள். லிப்போவை விட வோல்ட் கம்மி, அதனால் வேகம் கம்மி. நாங்கள் அதைக் கிழட்டுப் பேட்டரி என்று கேலி பேசுவோம்.

"குத்துனாலும் லேசுல பத்தாதுன்னு போட்டிருக்கான். சூடும் சீக்கிரம் ஏறாதாம். நெசமா?"

"நெசந்தான். பத்தவே பத்தாதுன்னு சொல்ல முடியாது."

"அப்படிச் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்." போனைக் கீழே வைத்தாள். "அன்னைக்குக் கண்மாயில கிட்ட நின்னு பாத்துட்டேன். நான் நெனச்சது உங்க கம்பெனில நடந்தது மாதிரி, கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்னு. இது மொதல்ல பொகஞ்சுச்சு. அப்புறஞ் சீறுச்சு. ஒரு வாளி மண்ணுக்குள்ள அடங்கிருச்சு."

"பயமா இல்லையா உனக்கு?"

"பயந்தான். உங்க விரலு மடங்குறதத் தெனமும் பாக்குறது அதவிடப் பயமா இருக்கு."

தையல் டேப்பை எடுத்து வந்து பக்கியைக் கட்டிலிலேயே வைத்து, பேட்டரி உட்காருகிற குழியை அளக்க ஆரம்பித்தாள். நீளம் பார்த்தாள், அகலம் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவள் அளந்ததையே மறுபடி அளந்தாள்.

"உயரம் பாரு" என்றேன், தாங்க முடியாமல். "மேல பட்டை போட்டு மூடணும்லா. உயரம் மிஞ்சுனா மூடாது."

பார்த்தாள். ஓரம் வட்டமாக இருக்க வேண்டுமா சதுரமாகவா என்று கேட்டாள். குழி வட்டம், பேட்டரியும் அப்படியே வேண்டும் என்றேன். இத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே, எது நல்லது என்றாள். கூடக்கூட நேரம் கூடும், எடையும் கூடும், நடுவில் ஒன்று பார் என்றேன். நம் சார்ஜர் இதற்கு ஆகுமா என்றாள். அதில் பேட்டரி வகை மாற்றுகிற இடம் இருக்கிறது, லைஃப் என்று தெரிந்தால் ஆகும், லிப்போவில் வைத்துப் போட்டால் கூடுதலாக ஏறிக் கெடும் என்றேன். அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றாள். பல நாள் கழித்து நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவளே விருதுநகருக்குப் போய் என் நண்பன் கடையில் நின்றாள். வத்தல் மூடைகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறாள். லிப்போவும் லைஃப்பும் ஒரே குடும்பம்தான் தங்கச்சி, இதுக்குக் கோவம் கம்மி என்றானாம் அவன். அந்தக் கொண்டிப் பிளக் வேண்டாம், என் வீட்டுக்காரர் கையால் பிடித்து இழுக்கிற மாதிரி பெரிய பிளக் போட்டுத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஆர்டர் போட்டு நாளாகியும் பேட்டரி வரவில்லை. லித்தியம் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், லாரியில்தான் வரும். எங்கள் ஊர்ச் சரக்கை எந்தெந்த வண்டியில் ஏற்ற மாட்டார்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். எங்களுக்கு வருகிற சரக்குக்கும் அந்தக் கதி என்பதை அப்போதுதான் அனுபவித்தேன். காலையில் எழுந்ததும் விரலைப் பார்ப்பேன். நேற்றை விடக் கூடுதலாக மடங்கியிருக்கிற மாதிரி தோன்றும். பார்சல் எங்கே இருக்கிறது என்று அவள் போனைப் பார்ப்பாள். நாக்பூர் என்று காட்டும். அடுத்த நாளும் நாக்பூர்தான். மூன்றாவது நாள் அவளே என் விரலைப் பிடித்து நீட்டிவிட ஆரம்பித்தாள். நான் கத்துவேன், அவள் விடமாட்டாள்.

ஒரு வழியாக வந்து சேர்ந்தது. நண்பன் பிளக் மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். பின்கட்டில் துவைக்கிற கல்லின் மேல் வைத்து, வெயில் படாமல் மறைத்து, பக்கத்தில் மணல் வாளியோடு சார்ஜ் முடிகிற வரை அவள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "வெதுவெதுன்னுதான் இருக்கு" என்று எனக்குக் கேட்கிற மாதிரி அடிக்கடி சொன்னாள்.

காலி மனைக்குப் போனோம். கையுறையைப் போட்டுவிட்டு, ரிமோட்டை என் கையில் வைத்து விரலை விசையில் மாட்டிவிட்டாள். இழுத்தேன். பக்கி கிளம்பியது. பத்தடி போய் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன். உதறிவிட்டு நின்றது. மறுபடியும் அதேதான்.

இந்தப் பேட்டரிக்காக அவள் எத்தனை நாள் அலைந்தாள், என் விரல் எத்தனை நாளை இழந்தது என்பதெல்லாம் ஒன்றாக வந்து அமுக்கியது. "விடு. நமக்குக் குடுத்து வைக்கல" என்று ரிமோட்டை மண்ணில் வைத்துவிட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. காரைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு, "எதுக்கு நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் நீங்க அழுதுக்கிருங்க" என்றாள்.

அப்போதுதான் யோசித்தேன். காருக்குள் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற ஒரு சின்னப் பெட்டி உண்டு. பேட்டரி வெறும் வயிறாகிக் கெட்டுப்போகாமல் இருக்க, வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால் அது வண்டியை நிறுத்திவிடும். என் பெட்டி லிப்போவுக்கு வைத்த அளவில் இருக்கிறது. லைஃப்புக்கு இயல்பே அதை ஒட்டித்தான். நிறையத் தின்றவனைப் பட்டினி என்று நினைத்து அது நிறுத்துகிறது. அளவைக் குறைக்க வேண்டும். அதற்குப் பெட்டியில் மிளகு அளவுக்கு ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்தால் விளக்கு மாறி மாறிச் சிமிட்டும். வேண்டிய இடம் வந்ததும் விட வேண்டும்.

அவள் அழுத்தினாள். இடம் தப்பியது. மறுபடி அழுத்தினாள், சீக்கிரம் விட்டுவிட்டாள். நண்பனைக் கூப்பிடுவோம் என்று போனை எடுத்தாள். அவன் வர சாயங்காலம் ஆகும்.

"இங்கன குடு" என்றேன்.

இடது ஆள்காட்டி விரலைப் பொத்தானில் வைத்தேன். பாதி மடங்கிய விரல், நுனியில் சரியாக உணர்ச்சி இல்லை. ஒயருக்கு நடுவில் தேடினேன். அகப்பட்டது. அழுத்தினேன். முட்டியில் தோல் வெடிக்கிற மாதிரி இழுத்தது. விளக்கைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தேன். சிமிட்டல் மாறியது. இன்னும் ஒரு தடவை மாற வேண்டும். அவள் மூச்சை விடவில்லை. மாறியதும் விரலைத் தூக்கினேன்.

பக்கி ஓடியது. மெதுவாகத்தான். லிப்போவில் பாய்ந்த வேகத்தில் பாதிதான். ஆனால் நிற்கவில்லை. அந்த மனையைச் சுற்றிச் சுற்றி, செங்கல் குவியலைத் தாண்டி, எருக்கஞ்செடிக்குள் புகுந்து வந்துகொண்டே இருந்தது. பேட்டரி தீர்ந்து வண்டி நின்றபோது என் கையுறையில் ரத்தம் கசிந்திருந்தது. அவள் பேட்டரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு என் விரலைப் பார்த்தாள். இரண்டையும் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு சேத்து ஆர்டர் போட்டிருக்கலாம்" என்றாள். அடுத்த வாரமே போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. இடது ஆள்காட்டி விரல் வந்தது. கட்டைவிரலும் அதுவும் சேர்ந்து ஒரு தேக்கரண்டியைப் பிடிக்கும், பொத்தானைச் சிரமப்பட்டுப் போடும். வலது கையில் அந்த இரண்டு விரல்கள் வரவே இல்லை. கம்பெனிக்கு நான் திரும்பவில்லை. அவர்கள் கூப்பிட்டாலும் என் கால் அந்த வாசலைத் தாண்டாது. விருதுநகரில் நண்பன் குடோனில் லோடு வருவதையும் போவதையும் நின்று பார்க்கிறேன். வத்தல் காரம் தழும்பில் பட்டால் தீயாக எரியும். சில நாள் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் கட்டிலிலேயே கிடப்பதும் உண்டு. அடுப்புப் பற்ற வைக்கும்போது இன்னமும் எழுந்து வெளியே போகிறேன்.

கண்மாய்க்குப் போகிறோம். நண்பன் இப்போது கெட்டிப் பெட்டி போட்ட லிப்போ வைத்திருக்கிறான். ஒரு நாள், "ஒரு ரவுண்டு மட்டும் இதப் போட்டு ஓட்டு மாப்ளே, கை வந்துருச்சுல்ல" என்று நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். எடையே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கும் பந்தயத்தில் நான்தான் கடைசி.

போன மாதம் வலது கைக்கு இன்னொரு ஆபரேசன் செய்து பார்க்கலாம் என்று மதுரையில் பெரிய டாக்டர் சொன்னார். பலன் எவ்வளவு என்று உறுதியில்லை என்பதையும் சொன்னார். கையெழுத்து எல்லாம் முடிந்து, வேறு ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்.

என் மனைவி முன்னால் நகர்ந்து கேட்டாள். "ஆபரேசன் முடிஞ்சு இவுக எத்தன நாள்ல ரிமோட்டு பிடிக்கலாம் சார்?"

"டிவிதானேம்மா? மறுநாளே பாக்கலாம்" என்றார் டாக்டர்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவரிடம் ஒன்றும் விளக்கவில்லை. வெளியே வந்து வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவில், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.